மூன்றாவது கப்பல் வேண்டுமா என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

இந்தியாவுக்கு மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பல் தேவையா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நீடிக்கிறது. தேவை என்போர் இந்தியப் பெருங்கடலின் பரப்பைச் சுட்டுகின்றனர். தேவையில்லை என்போர் செலவையும் ஏவுகணைகளின் வளர்ச்சியையும் சுட்டுகின்றனர். இரு தரப்பினரும் எண்ணிக்கையையும் எடையையும் பற்றியே பேசுகின்றனர். அக்கப்பலிலிருந்து விமானம் எவ்வாறு எழும், எவ்வாறு இறங்கும் என்ற கேள்வி பொறியாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறு விவரமாக ஒதுக்கப்படுகிறது. இக்கப்பல்களின் வடிவமைப்பு வரலாற்றில் எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்தக் கேள்விதான்.

1911இல் யூஜின் ஈலி சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற போர்க்கப்பலொன்றின் மரமேடையில் இறங்கியபோது, விமானத்தை நிறுத்தியவை மணல் மூட்டைகள் கட்டிய கயிறுகள். 1918இல் பிரிட்டனின் ஆர்கஸ் முழுநீளத் தட்டைத் தளத்துடன் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெட் விமானங்கள் வந்ததும் அத்தளம் போதாமல் போயிற்று. தடுப்புக் கம்பிவடத்தைத் தவறவிட்ட விமானம், முன்பகுதியில் நிறுத்தப்பட்டிருந்த விமானங்களின் மீது மோதும் அபாயம் இருந்தது. இறங்குதளத்தைக் கப்பலின் நடுக்கோட்டிலிருந்து சில பாகை திருப்பி அமைத்ததே இதற்குக் கிடைத்த தீர்வு. வடத்தைத் தவறவிட்ட விமானி முழு விசையுடன் மீண்டும் எழுந்து செல்ல அதனால் வழி பிறந்தது. இக்கோணத்தளம், நீராவிக் கேட்டபுல்ட், இறங்குவோருக்கு வழிகாட்டும் ஒளிக்கண்ணாடி ஆகிய மூன்றும் 1950களில் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து உலகெங்கும் பரவின.

இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் இம்மாற்றத்தின் பயனை நேரடியாகப் பெற்றது. போர் முடிந்ததால் பாதியில் நின்ற ஹெர்குலிஸ் கப்பலை இந்தியா 1957இல் வாங்கியது. பெல்ஃபாஸ்டில் கோணத்தளமும் நீராவிக் கேட்டபுல்ட்டும் பொருத்தப்பட்டு, அது 1961இல் விக்ராந்த் ஆயிற்று. 1971இல் வங்காள விரிகுடாவில் அதன் தளத்திலிருந்தே சீ ஹாக், அலிசே விமானங்கள் எழுந்தன.

அடுத்த திருப்பம் ஸ்கை-ஜம்ப். தளத்தின் முனையை மேல்நோக்கி வளைத்தால், குறைந்த ஓட்டத்திலேயே ஹாரியர் வகை விமானம் எழுந்துவிடும். அசையும் உறுப்பு வேண்டாம், நீராவியும் வேண்டாம். பழைய விக்ராந்த் 1980களில் கேட்டபுல்ட்டை இழந்து அவ்வளைவைப் பெற்றது. 1987இல் வந்த விராட் அவ்வளைவுடனேயே வந்தது. ரஷ்யாவிடமிருந்து பெற்ற விக்கிரமாதித்யா, முன்தளத்தில் ஏவுகணைகளைச் சுமந்திருந்த கப்பல். அவற்றை அகற்றி அங்கே ஸ்கை-ஜம்ப் அமைத்தனர். 2022இல் கொச்சியில் கடற்படையில் சேர்ந்த, ஏறத்தாழ 45,000 டன் எடையுள்ள புதிய விக்ராந்தும் அதே வழியையே பின்பற்றியது. கையிலிருந்த விமானங்களையும் நிதியையும் நோக்கினால், ஒவ்வொரு முடிவும் அதனதன் காலத்தில் நியாயமானதே.

ஆனால் அந்நியாயத்துக்கு ஒரு விலை உண்டு. ஸ்கை-ஜம்ப்பில் விமானம் தன் எஞ்சினின் விசையை மட்டுமே நம்பி எழுவதால், சுமக்கும் எரிபொருளையும் ஆயுதத்தையும் குறைத்துக்கொள்ள நேர்கிறது. தொலைவிலேயே எதிரியைக் கண்டறியும் ராடார் விமானம் அதிலிருந்து எழ இயலாது என்பதால், இந்தியக் கடற்படை அப்பணிக்குக் காமோவ்-31 ஹெலிகாப்டரை நம்புகிறது. உயரத்திலும் வானில் நிலைத்திருக்கும் நேரத்திலும் ஹெலிகாப்டர் விமானத்துக்கு ஈடாகாது. தளத்தூக்கியின் கதையும் இதுவே. விக்ராந்தின் தூக்கிகள் மிக்-29கே போன்ற இறக்கை மடியும் விமானங்களின் அளவை ஒட்டி அமைந்தவை. 2025இல் ஒப்பந்தமான 26 ரஃபேல்-எம் விமானங்களின் இறக்கைகளோ மடியாதவை. ராடாரை மாற்றுவதுபோல் தூக்கியின் அகலத்தை எளிதில் மாற்றிவிட முடியாது. ஒரு கப்பல் நாற்பது ஆண்டு வாழ்கிறது. அதற்குள் விமானங்களின் தலைமுறையே மாறிவிடுகிறது.

மின்காந்தக் கேட்டபுல்ட்டே விடை என்று உடனே சொல்லிவிடவும் இயலாது. அதற்குப் பெரும் மின்னாற்றல் வேண்டும். அமெரிக்காவின் ஃபோர்டு கப்பலில் அது தொடக்க ஆண்டுகளில் அடிக்கடி பழுதாகிப் பெரும் தலைவலியாயிற்று. சீனாவும் லியாவோனிங், ஷாண்டாங் என்னும் இரு ஸ்கை-ஜம்ப் கப்பல்களில் பயின்ற பின்னரே, மின்காந்தக் கேட்டபுல்ட் கொண்ட ஃபூஜியானை 2022இல் நீரில் இறக்கியது.

எனவே மாற வேண்டியது முடிவெடுக்கும் வரிசை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் பறக்கப்போகும் விமானங்கள் எவை, அவற்றுள் ஆளில்லாதவை எத்தனை என்பது முதலில் முடிவாக வேண்டும். அதிலிருந்து தளமும் தூக்கியும் பிறக்கும்; தளத்திலிருந்து கப்பலின் உடல் பிறக்கும். எடை என்பது அக்கணக்கின் இறுதியில் கிடைக்கும் விடை. அதையே கேள்வியாக வைத்துக்கொண்டு வாதிடும்வரை, எத்தனை கப்பல் கட்டினாலும் ஒவ்வொன்றும் முந்தைய தலைமுறை விமானத்துக்கான கப்பலாகவே இருக்கும்.