பெயர் வெட்டாத தூண்

சயாம் மரண ரயிலுக்கு நினைவுச்சின்னம் என்று பேச்செடுத்தாலே, திறப்புக் கல்லில் யார் பெயர் வரும் என்றுதான் நம்மவர்கள் முதலில் யோசிக்கிறார்கள். ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிராங்குஷ் (1876–1957) செய்ததை அவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். பாரிஸில் பெரும் சிற்பி ரோதேனின் பட்டறையில் சேர்ந்து, பெரிய மரத்தடியில் வேறெதுவும் வளராது என்று சீக்கிரமே வெளியேறியவர். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக ருமேனியாவின் டிர்கு ஜியு நகரில் 1938-இல் அவர் எழுப்பிய 'முடிவிலாத் தூண்' ஏறக்குறைய 29 மீட்டர் உயரம். அதில் துப்பாக்கி இல்லை, தளபதி இல்லை, பெயரும் இல்லை. ஒரே வடிவ வார்ப்பிரும்புத் துண்டுகள், நடுவில் புடைத்து முனைகளில் ஒடுங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. உச்சியில் பாதித் துண்டோடு நிற்பதால், மேலே இன்னும் போகிறது என்றே கண் நம்புகிறது. 2024-இல் யுனெஸ்கோ அது அடங்கிய சிற்பத் தொகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

1942, 43-இல் கெடா தோட்டங்களிலிருந்தும் நம் ஆட்களை ஜப்பானியர் அந்தச் சயாம் ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பலருக்குப் புதைத்த இடம்கூடத் தெரியாது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன, லயங்களும் போய்விட்டன. மிஞ்சியிருக்கும் தோட்டத்துக் கோயில் வாசலில் அவர்களுக்காகப் பெயர் வெட்டாத ஆளுயரக் கல் ஒன்று நட்டால் போதும். மண்டபமும் மாலையும் வேண்டாம். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் இருக்கும் கோயில் நிர்வாகங்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யலாம்.