பதினெட்டுக்குப் பிறகு யார் பொறுப்பு?

வெள்ளகோவில் காலனியிலிருந்து தறிக்குடோனுக்குப் போகும் ஒரு தாய். அறிவுசார் குறைபாடுள்ள மகன். பள்ளி வயதில் அவனுக்கு அரசு என்று ஒன்று இருந்தது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்தார், இயன்முறைப் பயிற்சி கிடைத்தது. பதினெட்டு நிறைந்த பிறகு யாரும் வருவதில்லை. மகனை வீட்டில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவதா, வேலையை விட்டுவிட்டு அவனோடு இருப்பதா? தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் இரண்டாவது வழியும் அடைபடும்.

இது ஒரு கற்பனைத் தாயின் நிலைமை மட்டுமல்ல, சட்டம் நடைமுறையாகும் விதமே இப்படித்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. அதன் பிறகும் சட்டம் மௌனமாக இல்லை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சந்தையோடு இணைந்த தனித் திறன் பயிற்சி வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது 37ஆவது பிரிவு. ஆனால் பள்ளியை விட்டு வெளியே வரும் பிள்ளையைக் கைப்பிடித்து அடுத்த படிக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு எவர் மேசையிலும் இல்லை. பள்ளி ஒரு துறை, உதவித்தொகை ஒரு துறை, பயிற்சி இன்னொரு துறை. மாவட்ட அலுவலகம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளித் திருப்பூரில். போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகையில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே அது 2.45. வித்தியாசம் அதோடு முடிவதில்லை. தோட்டமும் எண்ணெய் ஆலையும் உள்ள குடும்பம் மகனைக் கல்லாப்பெட்டி அருகில் உட்கார வைக்கலாம், பங்காளி பெயரில் சொத்தெழுதிப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். காலனிப் பிள்ளைக்கு உட்காரக் கடையும் இல்லை, எழுதிவைக்க நிலமும் இல்லை. மகளாக இருந்தால், தனியே விட்டுப்போகும் ஒவ்வொரு பகலும் அச்சம். அரசு கைவிடும் இடத்தில் குடும்பம் தாங்கும் என்கிறார்கள். தாங்கும் வலு எந்தக் குடும்பத்துக்கு உண்டு என்பதைச் சாதிதான் முடிவு செய்கிறது.

தோட்டத்து வீட்டிலும் எல்லாம் நன்றாக இல்லை. சம்பந்தம் தடைபடும் என்று பிள்ளையை மறைத்து வைக்கும் வீடுகள் உண்டு. ‘போன பிறவிப் பாவம்’ என்ற ஒரே கணக்கில்தான் சேரியும் ஊனமும் எழுதப்பட்டிருக்கின்றன. பிறப்பால் இழிவு என்பதை மறுக்கிற நாம், இரண்டையும் சேர்த்தே மறுக்க வேண்டும். பிறந்தநாளுக்குக் காப்பகத்தில் ஒருவேளைச் சோறு போடுவது தருமம். நாம் கேட்பது உரிமை. தோழர்களே, நம்மையும் கேட்டுக்கொள்வோம்: நம் கூட்டம் நடக்கும் மாடிக்குச் சக்கர நாற்காலி ஏறுமா?

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை அவசியம்தான். ஆனால் பகலில் அவன் எங்கே இருப்பான், என்ன கற்பான், யாரோடு பழகுவான் என்பதற்கு அது பதிலாகாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துப்பூர்வமான அடுத்த கட்டத் திட்டம், அதற்குப் பொறுப்பான ஓர் அலுவலர், தறியும் எண்ணெய் ஆலையும் நடக்கும் ஊரிலேயே பயிற்சியோடு கூடிய பகல்நேர மையம், வாகன வசதி ஆகியவை வேண்டும். கல்லூரி சேராதவர்களைத் தேடி ‘உயர்வுக்குப் படி’ முகாம் நடத்தும் அரசுக்கு, தேடிப் போவது தெரியாத வேலையல்ல.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டம் திருத்தியது. வெள்ளகோவில் நகராட்சிக்கும் அது பொருந்தும். அந்த நாற்காலியில் அமர்பவர் முதல் கூட்டத்திலேயே இரண்டு கேள்வி கேட்கட்டும்: இந்த ஆண்டு நம் ஊரில் எத்தனை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு நிறைகிறது? அதில் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர்?