வேண்டுதலோடு வைத்தியமும் சேரட்டும்

குற்றால அருவியில் நின்றால் சித்தம் தெளியும் என்பது தலைமுறைகள் தாண்டிய நம்பிக்கை. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதி முன்னுள்ள சக்கரக் குழியில் மனம் கலங்கியவர்களை அமரவைத்து வேண்டுகிறார்கள். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு மதம் பாராமல் மக்கள் வருகிறார்கள். இந்த நம்பிக்கைகளைக் கேலி பேசுவதால் ஒருவரும் குணமாகப் போவதில்லை. ஆனால் வேண்டுதலோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனம் கலங்கியவர்களை வேண்டுதலுக்காக அழைத்துவரும் தர்கா உள்ள ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது, சிகிச்சையை உரிமையாக்கியது. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே துவா என்னும் வேண்டுதலோடு மருந்தும் தரும் திட்டம் வந்தது. பக்தியும் வைத்தியமும் பகையல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

வைத்தியம் என்பது மருந்து மட்டுமல்ல, கவுன்சலிங்கும்தான். ஆனால் கவுன்சலிங் என்றாலே புத்திமதி என்று நினைக்கிறோம். "எல்லாம் சரியாப் போகும், மனசை விட்டுராத" என்பது ஆறுதல்தான். கவுன்சலிங் தரும் ஆற்றுப்படுத்துபவரோ முதலில் குறுக்கிடாமல் கேட்பார். தூக்கம் எப்போது கெட்டது, எந்தெந்த வேலைகள் கைவிட்டுப் போயின என்று விசாரிப்பார். நாளை செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த சந்திப்பில் அது என்னவாயிற்று என்று பேசுவார்கள். சொன்னது வெளியே போகாது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்கத் என்ற அமைப்பு இந்த முறையைச் சோதித்தது. மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே 6 முதல் 8 அமர்வுகள் நடத்தினார்கள். கடும் மனச்சோர்வு குறைந்ததை 2017இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது.

இது குற்றாலமும் சங்கரன்கோவிலும் உள்ள நம் மாவட்டத்துக்கும் பொருந்தும். திண்ணையில் மடிமேல் சுளகு வைத்து இலை நறுக்கித் தூள் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், பக்கத்தில் இருப்பவள் நாலு நாளாய்ப் பேசாமல் இருந்தால் எவருக்கும் முன்னே கண்டுகொள்வார்கள். அவர்களுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும். ஊர் ஊராகச் சென்று மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வுப் பணி செய்ய முடியும் என்பதை 1981 முதல் இயங்கிவரும் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் காட்டியிருக்கிறது.

ஆனால் மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு மனநல மருத்துவரும் மருந்தும் கட்டாயம் வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்முடையது. மாவட்ட நிர்வாகம் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யட்டும். பீடி நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் அதற்கு நேரம் ஒதுக்கட்டும். 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைக் கோயிலும் தர்காவும் வாசலில் எழுதிவைக்கட்டும். வீட்டில் ஒருவர் முடங்கிக் கிடந்தால், "யாராவது ஏதாவது சொல்வார்களோ" என்று தயங்காமல் நாம் அந்த எண்ணை அழைப்போம்.