பேர்த்திக்கு ஒரு பெயர்

நம் நண்பர் ஒருவர் வடமராட்சியிலே நெடுங்காலம் தமிழ் கற்பித்து இளைப்பாறியவர். அவருடைய மகன் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் வாழ்கிறார். மருமகளும் அந்நாட்டுப் பெண்ணே. அண்மையில் அவர்களுக்குப் பெண் மகவு பிறந்தது. 31-ஆம் நாள் துடக்குக் கழிவை நினைந்து இங்கேயும் வீட்டிற் பொங்கிப் படைத்தார்கள். ஆனால், குழந்தைக்குத் தெரிந்தெடுத்த பெயர் தொலைபேசியில் வந்ததும் நண்பரின் முகம் வாடிவிட்டது. பெயர் ‘நீவ்’. பழைய ஐரிஷ் பெயர். அதனை அடுத்துக் குடும்பப் பெயராக வருவது நண்பருடைய சொந்தப் பெயர். முருகப் பெருமானுக்குரிய திருநாமங்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதினால் பதினைந்து எழுத்துக்குக் குறையாதது.

“வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டது போலிருக்கிறது” என்றார் நண்பர். வேட்டியும் கோட்டும் தலைப்பாகையுமாகவே நம் பழைய ஆசிரியர்கள் பள்ளிக்கூடம் சென்றார்கள் என்பதை அவருக்கு நினைவூட்டினோம். அவர் சிரிக்கவில்லை. அவரைப் பெரிதும் வருத்தியது மகன் கேட்ட மற்றொரு கேள்வி. “அப்பா, உங்கள் பெயர் இங்குள்ளவர்கள் வாயில் நுழையாது. பாதியாகக் குறைத்துப் பதியலாமா?”

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று. கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் நம்மவர் வீடுகளில் இன்று எழும் கேள்வி. ஆதலின் இதனை நம் வாசகரோடு சேர்ந்து சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

முதலிலே ஒன்றைச் சொல்லவேண்டும். பிறநாட்டுப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே ஆளில் வந்து கூடுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. போர்த்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய காலந்தொட்டு ஞானஸ்நானப் பெயர்கள் நம் ஊர்களிற் புகுந்தன. புகுந்த பெயர்களை நம் முன்னோர் என்ன செய்தார்கள்? செபஸ்தியான் பஸ்தியாம்பிள்ளை ஆனார். சந்தியாகு சந்தியாப்பிள்ளை ஆனார். இஞ்ஞாசியார் இன்னாசித்தம்பி ஆனார். மனுவேல் மனுவேற்பிள்ளை ஆனார். அந்தோனிக்கும் ஒரு ‘பிள்ளை’ கிடைத்தது. வந்தவன் யாராயினும் திண்ணையில் இருத்தி, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, உறவுமுறை சொல்லி அழைக்கும் நம்மூர் வழக்கம் பெயர்களிடத்தும் சென்றது போலும். 1950 முதல் 1972 வரை யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் ஆயராக விளங்கிய எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகையின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உரோமாபுரியும் யாழ்ப்பாணமும் ஒரே மூச்சில் வருகின்றன. யாருக்கும் அது விகாரமாகத் தோன்றியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வந்த அமெரிக்க மிசனரிமாரின் காலம் வேறுவகையானது. 1823-இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறியிலும், அதன் மறுவாண்டு தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையிலும், அமெரிக்காவில் இருந்த கொடையாளர் ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், அவர் விரும்பும் பெயரை அப்பிள்ளைக்கு இடுவது வழக்கமாயிருந்தது. கடல் கடந்த ஊரிலே, தாம் ஒருபோதும் காணாத பிள்ளைக்கு, தம் பெயரையோ, இறந்துபோன தம் உறவினர் பெயரையோ அவர்கள் இட்டார்கள். 1841-இல் ‘உதயதாரகை’ வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களாய் இருந்த இரு தமிழர்களின் பெயர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்பன. பெயரை மாத்திரம் கேட்பவன் அவர்களைத் தமிழர் என்று எவ்வாறு அறிவான்? ஆனால், அதே செமினறியிற் கற்றவர்களே ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும், கறோல் விசுவநாதபிள்ளையும், நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும். தமிழ்ப் புலவர் நானூறு பேருக்கு மேற்பட்டோரின் வரலாற்றைத் திரட்டி, 1886-இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என வெளியிட்ட சதாசிவம்பிள்ளையை ஆர்னல்ட் என்ற முன்பெயர் தடுத்ததா? இல்லை. அவர் தம் இரண்டு பெயரையும் முழுதாக வைத்திருந்தார். முன்னைய இருவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அதுவே என்று நாம் கருதுகிறோம்.

தாமோதரம்பிள்ளை வீட்டுக் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. ‘சி. வை.’ என்ற முதலெழுத்துக்களில் ஒன்று ஊரையும் ஒன்று தந்தையையும் குறிக்கும். சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் தாமோதரம் என்பது பொருள். வட்டுக்கோட்டையிற் கற்று, தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய அப்பெரியாரின் மகன் அழகசுந்தரம், கிறித்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். பிற்காலத்தில் அழகசுந்தர தேசிகர் என்றும் அறியப்பட்டார். பெயர் போவதும் உண்டு, திரும்பி வருவதும் உண்டு.

ஆனால் டப்ளின் குழந்தையின் பெயரை வட்டுக்கோட்டைப் பெயர்களோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் தகாது. அங்கே பெயர் கொடுத்தவர் பணம் கொடுத்தவர். இங்கே பெயர் கொடுப்பவள் பெற்ற தாய். அக்குழந்தைக்கு ஐரிஷ் மொழி அயல்மொழி அன்று. அது அதன் அம்மம்மாவின் குடிமொழி. நண்பரிடம் இதனைச் சொன்னபோது அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்படியானால் அந்தப் பெயரின் சங்கதியைச் சொல்லும்” என்றார்.

சங்கதி சுவையானதுதான். அயர்லாந்து என்றதும் நமக்கு நினைவில் வருபவர் பத்திரிசியார். யாழ்நகரிலே 1850-இல் தொடங்கிய கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலை பின்னர் அவர் பெயரைத் தாங்கியது. நம் மக்கள் அதனைச் சம்பத்திரிசியார் கல்லூரி ஆக்கினார்கள். அக்கல்லூரி அதிபராயிருந்து, யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எழுவதற்கும் உழைத்த லோங் அடிகளார் அயர்லாந்துக்காரர். அக்கல்லூரியின் நிழலிற் பிறந்த எத்தனையோ பிள்ளைகளுக்குப் ‘பற்றிக்’ என்று பெயர். ஆனால் பத்திரிசியார் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். பிரித்தானியாவிலிருந்து அடிமையாகப் பிடித்துச் செல்லப்பட்டவர். அவர் பெயரும் இலத்தீன் பெயர். அதிலும் வியப்பு, நெடுங்காலம் ஐரிஷ் மக்கள் அப்பெயரை நேரே பிள்ளைக்கு இட அஞ்சினார்கள். அத்துணைப் பெரியவரின் பெயரைச் சொல்லிப் பிள்ளையை ஏசுவது எப்படி? ஆகையால் ‘பத்திரிசியாரின் ஊழியன்’ என்று பொருள்படும் பெயரை இட்டார்கள். இராமதாசனும் சிவதாசனும் வாழும் நாட்டவராகிய நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அவர்களுடைய குடும்பப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். ‘மக்’ என்று தொடங்கினால் மகன். ‘ஓ’ என்று தொடங்கினால் பேரன். ஓ கொனர் என்பது கொனரின் பேரன் என்பதே. 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் அது வழிவழிப் பெயராக உறைந்துவிட்டது. நம் மொழியிலே பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பேர்த்தியும் பெயர்த்தியே. யாழ்ப்பாணத்திலோ பாட்டனையும் பேரன் என்போம், பிள்ளையின் பிள்ளையையும் பேரன் என்போம். பெயர் ஒன்றாயிருக்க முறைக்கு இரு சொல் எதற்கு என்று நம் முன்னோர் எண்ணினார்கள் போலும்! ஐரிஷ்காரன் பாட்டன் பெயரைத் தன் பெயருக்குப் பின்னே கட்டிக்கொண்டான். தமிழன் அதனைத் தானே சூடிக்கொண்டான். நண்பர் இவ்விடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடவுச்சீட்டுக்காக முதலெழுத்து விரிந்து, தந்தை பெயர் குடும்பப் பெயராக மாறிய இக்காலக் குழப்பத்தினால், அவருடைய பேர்த்தி உண்மையிலேயே அவர் பெயரைத் தாங்கும் பெயர்த்தி ஆகிவிட்டாள். அடுத்தடுத்த தலைமுறையிலும் அதே பெயர் உறைந்து நிற்குமாயின் தந்தை பெயர் காட்டும் நம் முறை அங்கே அற்றுவிடும் என்பது மெய். அதனை நாம் நல்லதென்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பாட்டனுக்கு இதிலும் பெரிய பரிசு வேறு என்ன?

அப்பெயரைத்தான் பாதியாக வெட்டலாமா என்று மகன் கேட்கிறார். இக்கேள்வியை அவர் கேட்கும் நாடு எது என்று பாருங்கள். 1366-இல் கில்கென்னியில் இயற்றிய சட்டம், அங்கே குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் பெயர் வைப்பதைத் தடுத்தது. 1465-இன் சட்டம், ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் வாழ்ந்த ஐரிஷ்காரர் ஊர்ப்பெயரையோ, நிறப்பெயரையோ, தொழிற்பெயரையோ ஆங்கிலத்தில் குடும்பப் பெயராகக் கொள்ளவேண்டும் என்று விதித்தது. பின்னும் பல தலைமுறை அவர்கள் தம் பெயரின் முன்னிருந்த ‘ஓ’வை உதிர்த்தார்கள், எழுத்தை ஆங்கிலமாக்கினார்கள், வாயில் நுழையும்படி குறுக்கினார்கள். 1892-இல் டக்ளஸ் ஹைட் என்னும் அறிஞர் ஆற்றிய உரையிலே, இழந்த பெயர்களை மீட்டெடுக்கும்படி தம் மக்களை வேண்டினார். மறுவாண்டு கேலிக் சங்கம் தோன்றியது. 1938-இல் அவரே நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஆனார். நம்மிடையே வேதாசலம் மறைமலை ஆனதையும் இதனோடு ஒப்பிடலாம். பெயரை வெட்டுவதன் வலியை அறிந்த ஊரிலே இருந்துகொண்டு நம் மகன் தாமாகவே கத்தரிக்கோலை எடுக்கவேண்டுமா?

(பெயர் மாற்றத்தைப் பற்றி நினைக்கையில் எமர்சன் தெனன்ற் துரையின் நினைவும் வருகிறது. பெல்பாஸ்ற் நகரிலே 1804-இற் பிறந்தவர்; 1845 முதல் இலங்கையின் குடியேற்றச் செயலாளர்; வட்டுக்கோட்டைச் செமினறியை வியந்து எழுதியவர். மணம் முடித்ததும் மனைவியின் குடும்பப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். நம் மாப்பிள்ளைமாருக்கு இதனைச் சொல்வதில் ஆபத்து இல்லை என்று நம்புகிறோம்.)

‘வாயில் நுழையாது’ என்பதும் ஆராயத் தக்கது. ‘நீவ்’ என்ற பெயரின் எழுத்துக்கூட்டில் ஈற்றில் நிற்பன மகரமும் ஹகரமும், ஒலிப்பதோ வகரம். பழைய ஐரிஷ் எழுத்து மொத்தம் பதினெட்டு; நம் மெய்யெழுத்தின் தொகையே. அவ்வெழுத்தில் இந்த மகரத்தின் தலைமேல் ஒரு புள்ளி வைப்பார்கள். நமக்கு மகரத்தின் தலைப்புள்ளி உயிர் இல்லை என்று காட்டும். அவர்களுக்கு ஒலி மெலிந்து வகரமாயிற்று என்று காட்டும். அச்செழுத்து மாறியபோது புள்ளி போய் அதனிடத்தில் ஹகரம் வந்தது. இத்தனை நுணுக்கத்தையும் ஐரிஷ் பிள்ளைகள் பள்ளியிற் கற்கிறார்கள். ஆங்கிலேயனும் அமெரிக்கனும் தவறாக வாசித்தால் பொறுமையோடு திருத்துகிறார்கள். இவர்களுக்கா, எழுதியபடியே ஒலிக்கின்ற பதினைந்து எழுத்துப் பெயர் நுழையாது? அசை பிரித்து ஒருமுறை சொல்லிக் கொடுத்தாற் போதும். பெயரைக் குறைக்கச் சொல்லி அங்குள்ளவர் யாரும் கேட்கவில்லை என்பதையும், கேட்பார்களோ என்று மகன் தாமே அஞ்சினார் என்பதையும் பிறகு விசாரித்து அறிந்தோம்.

நீவ் என்றால் ஒளி. அவள் கடற்றெய்வத்தின் மகள். வெண்குதிரை மேல் வந்து, ஒஷீன் என்னும் வீரனை மூப்பில்லாத இளமை நாட்டுக்கு அழைத்துச் சென்றவள் என்பது அவர்கள் புராணம். கடலோரத்துப் பிறந்த நம் நண்பருக்கு அக்கதை பிடித்துவிட்டது.

ஆயினும் தமிழாசிரியர் தமிழாசிரியரே. “எல்லாம் சரி, வகரமெய் ஈற்றில் வருகிறதே!” என்றார். அவர் சொன்னது நியாயம். தொல்காப்பியர் கணக்கின்படி வகரமெய்யை ஈறாகக் கொண்ட சொற்கள் நான்கே. அவ், இவ், உவ், தெவ் என்பன. இவற்றிற் கடைசிச் சொல்லுக்குப் பொருள் பகை. பேர்த்தியை அந்த வரிசையில் நிறுத்த எந்தப் பாட்டன் இசைவான்? கம்பர் இலட்சுமணனை இலக்குவன் ஆக்கினார். விபீஷணனை வீடணன் ஆக்கினார். வீரமாமுனிவர் தேம்பாவணியிலே சூசையை வளன் என்றும், யோவானைக் கருணையன் என்றும் பெயர்த்தார். அயர்லாந்தில் 1814-இற் பிறந்த கோல்ட்வெல் ஐயரைத் தமிழ்நாட்டார் கால்டுவெல் ஆக்கி, இடையில் ஓர் உகரத்தைச் சொருகி, நாவுக்கு இதமாக்கிக் கொண்டார்கள். ஆகவே வழி இல்லாமல் இல்லை.

சென்ற வெள்ளிக்கிழமை நண்பர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பிள்ளைகளின் பிறந்த நாளும் நட்சத்திரமும் குறித்து வைக்கும் பழைய கொப்பியை எடுத்துக் காட்டினார். டப்ளினில் பதிவுக் கந்தோருக்கு அவர் பெயர் ஓர் எழுத்தும் குறையாமற் போயிருக்கிறது. கொப்பியில் அதே பெயரைத் தமிழ் முறைப்படி முன்னே எழுதி, அதன்பின் பேர்த்தியின் பெயரை ‘நீவு’ என்று எழுதியிருந்தார்.

“உகரம் சேர்த்துவிட்டீரே, பொருள் மாறாதா?” என்று கேட்டோம்.

“தலையை நீவு, முதுகை நீவு என்று சொல்வதில்லையா? தூரத்திலிருந்து நான் செய்ய முடியாத வேலை அதுதானே” என்றார்.