மரணத் தேதியைக் கேட்பானேன்?

2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், அதற்கு முன்பே தந்தையை இழந்த மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு அளிப்பது கடந்த காலத்தைக் கலைக்கும் அநீதி என்று வாதிக்கும் நண்பர், தாம் ஆட்சேபிக்கும் அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு எதைப் பற்றியது என்பதையே மறந்துவிட்டார். மிதாக்ஷரம் என்னும் இந்துச் சட்ட முறையில் மகன் ஜனித்த கணத்திலேயே பிதுரார்ஜிதத்தில் பாத்தியதை அடைவதுபோல மகளும் அடைவாள் என்பதே அதன் விதி; ஜன்மத்தை ஆதாரமாகக் கொண்ட உரிமைக்குத் தந்தையின் மரணத் தேதியைக் கேட்பது எந்த நியாயம்? 2015-இல் உச்ச நீதிமன்றமே அவ்வாறு கேட்டது உண்மைதான். ஆனால் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கூடி, சட்டம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை ஜீவித்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று அந்தக் கேள்விக்கே முற்றுப்புள்ளி வைத்தனர்.

பழைய பாகப்பிரிவினைகள் யாவும் குலைந்துபோம் என்ற பயமும் வீணே. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பிரிந்தவற்றையும், அதற்கு முன்பே விற்கப்பட்டவற்றையும் சட்டம் தீண்டவில்லை. இன்னும் பிரியாமல் பொதுவில் கிடப்பதையே அது தொடுகிறது. மேலும், 1956-ஆம் ஆண்டின் மூல வாரிசுரிமைச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு, அதற்கு முன்பே பெண்ணின் வசமிருந்த சொத்தையும் அவளுக்குப் பூரண உடைமையாக்கியதே. அப்போது எந்தக் குடும்பம் அழிந்தது? ஆகவே, உரிமை கோரும் சகோதரியிடம் சகோதரர்கள் பிரிவினைப் பத்திரம் இருந்தால் காட்டட்டும். இல்லையேல் பங்கைக் கொடுக்கட்டும்.