பாட்டி ஒரு 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்'

உங்க ஃபோனில் எத்தனை பாட்டு இருக்கு? ப்ளேலிஸ்ட் கணக்கைக் கேட்கவில்லை. ஏரோப்ளேன் மோடு போட்டு, மாசச் சந்தாவும் முடிந்துபோன பிறகு, அப்பவும் பாடுகிற பாட்டு எத்தனை? நம்மில் பலருக்குப் பதில் பூஜ்யமாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோவையும் சேர்த்தால் ஒரு பத்து தேறும்.

"டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேனே"ன்னு சொல்லாதீங்க. ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் ஆவது பூட்டுப் போட்ட ஃபைல், சாவி அவங்ககிட்ட. சந்தா நின்றால் அது வெறும் இடத்தை அடைக்கும். சில நேரம் ஆப்பே நின்றுபோகும். கூகுள் ப்ளே மியூசிக் 2020 கடைசியில் மூடப்பட்டது, ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024-இல். 2019-இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சரிகமவின் பாட்டுகள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. 2020-இல் ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்ப வந்தன. யாரோ ரெண்டு கம்பெனிக்குள் பேரம் படியலைன்னா நம்ம காதுக்குப் பாட்டு நின்றுவிடுகிறது.

ஸ்ட்ரீமிங்கே வேணாம்னு சொல்ல வரலை. புதுப் பாட்டு கேட்க நானும் அங்கேதான் போறேன். ஆனால் நம்ம கையில் ஒரு சேகரிப்பு இருக்கணும், அதைப் புரட்ட ஒரு ப்ளேயர் ஆப் இருக்கணும். 320 கேபிபிஎஸ் தரத்தில் நாலரை நிமிஷப் பாட்டு சுமார் 11 எம்பி. ஆயிரம் பாட்டுக்கு 11 ஜிபி. ஸ்க்ரீன்ஷாட்டையும் குட்மார்னிங் வீடியோவையும் அழிச்சாலே அந்த இடம் கிடைச்சிடும்.

ஆப்புக்குப் பஞ்சமே இல்லை. வி.எல்.சி. இருக்கு, பவர்ஆம்ப் இருக்கு. மியூசிகோலெட் இன்டர்நெட் பர்மிஷனே கேட்காது. நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன கேட்டு அழுதீங்கன்னு எந்த சர்வருக்கும் தெரியாது.

சிக்கல் ஆப்பைத் திறந்ததும் வரும். 'ஆர்ட்டிஸ்ட்' என்று ஒரு டேப் முன்னாடி நிற்கும். பாடுபவர் ஒருத்தர், அவர் பேரில் ஒரு ஆல்பம், அதில் பத்து பாட்டு என்கிற மேற்கத்திய பாப் கணக்கில் செய்த அலமாரி அது. நம்ம பாட்டு அதுக்குள் அடங்காது. டீக்கடையில் ஒரு பாட்டு ஓடும்போது "இது யார் பாட்டு?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒருத்தர் ராஜா பாட்டு என்பார், இன்னொருத்தர் எஸ்.பி.பி. பாட்டு என்பார், மூணாவது ஆள் வாலி பாட்டு என்பார். வயசானவர் யாராவது இருந்தால் எம்.ஜி.ஆர். பாட்டு என்பார். எம்.ஜி.ஆர். இசையமைக்கவும் இல்லை, பாடவும் இல்லை! ஆனாலும் அந்தப் பதிலைத் தப்புன்னு சொல்ல இங்கே யாருக்கும் தைரியம் வராது.

1992-இல் வந்த 'ரோஜா'வை எடுத்துக்கோங்க. ஆர்ட்டிஸ்ட் வாரியாகப் பிரித்தால் மின்மினி ஒரு பக்கம், எஸ்.பி.பி. ஒரு பக்கம், ஹரிஹரன் ஒரு பக்கம் என்று படமே சிதறிவிடும். ரஹ்மான் எங்கே என்று தேடணும். இதுகூடப் பரவாயில்லை. இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ஃபைலில் ரெட்டை 'ஏ', இன்னொன்றில் ஒற்றை 'ஏ', ஒன்றில் நடுவில் 'ஐ', ஒன்றில் 'ஐ' கிடையாது. ஆப்புக்கு இவங்க நாலு வேறு ஆட்கள்.

இதுக்குக் காரணம் ஃபைலுக்குள் இருக்கிற டேக். எம்பி3-க்கான முதல் ஐடி3 டேக் 1996-இல் வந்தது. ஃபைலின் வாலில் மொத்தமே 128 பைட். தலைப்புக்கு 30, ஆர்ட்டிஸ்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30. இசையமைப்பாளருக்கு இடமே கிடையாது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி எழுதினால் 'இளையராஜா' 24 பைட்டில் உட்கார்ந்துவிடுவார். 'ஏ.ஆர். ரஹ்மான்' 36 பைட், வெளியே நிற்கணும். (ராஜா ரசிகர்கள் இதை ஆதாரமாக எடுத்துக்க வேண்டாம்.) அடுத்து வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் ரெண்டு பேருக்கும் தனி இடம் உண்டு. அதை நிரப்பத்தான் ஆள் இல்லை.

நாமே நிரப்பலாம். லேப்டாப்பில் எம்பி3டேக் போட்டு, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்திலும் 'கம்போசர்' என்ற இடத்திலும் இசையமைப்பாளர் பெயரைக் கொடுங்க. 'ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் பாடினவர். ஆல்பத்தில் படத்தின் பெயர், பக்கத்தில் வருஷம். ஒரு பெயருக்கு ஒரே ஸ்பெல்லிங். கம்போசர் வாரியாகக் காட்டும் ஆப்பாகப் பார்த்துப் போட்டுக்கோங்க, பவர்ஆம்பில் அது இருக்கு. இருநூறு பாட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போதும். நம்ம அப்பா தலைமுறை ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து, நாள் கணக்கில் காத்திருந்து ஒரு கேசட் வாங்கினது. அந்தச் சீட்டில் எழுதினதும் படம் பேரும் பாட்டும்தான்.

இவ்வளவு எதுக்கு, தேடினால் வரப்போகுதுன்னு நீங்க சொல்லலாம். சினிமாப் பாட்டுக்கு அது சரி. ஆனால் எந்த சர்வரிலும் இல்லாத பாட்டும் உங்ககிட்ட இருக்கு. கல்சுரல்ஸில் நம்ம பசங்க பேண்ட் வாசிச்சதை யாரோ மூணாவது வரிசையிலிருந்து ரெக்கார்ட் பண்ணினது. அக்கா கல்யாண நாதஸ்வரம். பாட்டி பாடின தாலாட்டு, நடுவில் குக்கர் விசிலோடு. ஏயூடி என்று தொடங்கி, தேதி, டபிள்யூஏ, நாலு எண் என்ற பெயரில் எங்கேயோ கிடக்கும். ஆப் அதைத் திறந்து 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்' என்று காட்டும். ஃபோன் மாத்தும்போது முதலில் தொலைகிறது அதுதான். எது என்னன்னு தெரியாததை யார் பேக்கப் எடுப்பாங்க? டேக்கில் பாட்டி பெயரைப் போடுங்க, ஊரைப் போடுங்க, வருஷத்தைப் போடுங்க. ஒரு காப்பி ஹார்ட் டிஸ்கிலும் வைங்க.

டேக்கைத் தமிழில் எழுதினால் இன்னொரு கூத்து. பல ஆப்களில் ஓரத்தில் ஆங்கில எழுத்து வரிசை ஓடும், தமிழ்த் தலைப்பு எல்லாம் ஹேஷ் குறிக்குக் கீழே ஒரே குவியல். குவியலுக்குள்ளும் வரிசை சரியில்லாமல் போகலாம். அகராதியில் புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரணும். வெறும் யூனிகோட் எண்ணை வைத்து அடுக்கினால் அது பின்னால் போய்விடும். சரிசெய்யத் தேவையான கொலேஷன் விதிகள் ஐசியூ லைப்ரரியில் ரெடியாக இருக்கு. கூப்பிட்டால் போதும்.

வி.எல்.சி.யே 1996-இல் எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் மாணவர்கள் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட்தான். அந்த ஆரஞ்சு கூம்பு ஐகான்கூட அந்தப் பசங்க தெருவிலிருந்து சேர்த்துவெச்ச ட்ராஃபிக் கோன்களிலிருந்து வந்தது. ஆக்ஸியோ என்று இன்னொரு ப்ளேயர், கோட்லினில் எழுதியது, சோர்ஸ் முழுசும் கிட்ஹப்பில் கிடக்கு. அதை ஃபோர்க் பண்ணி, படம், இசை, குரல், வரிகள்னு நாலு டேப், அகராதி வரிசை, ஸ்பெல்லிங் வேறானாலும் ஒரே ஆளை ஒண்ணு சேர்க்கிற ஒரு மேட்சிங் மாட்யூல். கடைசி ஒண்ணு மட்டுமே ஒரு செமஸ்டர் வேலை.

தேர்ட் இயர் மக்களே, ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் எங்க பேட்ச்சில் மட்டும் அஞ்சு டீம் பண்ணியாச்சு. டைட்டில் கொடுக்க உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு.