அக்ரஹாரத்து வீடுகளும் எடை குறைந்த கல்லும்

மைசூர் அரண்மனைக்குத் தெற்கே உள்ள அக்ரஹாரத்தில் பழைய வீடுகளுக்கிடையே புதிய கான்கிரீட் கட்டடங்கள் எழுந்து வருகின்றன. இத்தகைய கட்டடங்களின் சுவர்களில் செங்கல்லுக்குப் பதிலாக ஏ.ஏ.சி. எனப்படும் காற்றூட்டிய இலகு கான்கிரீட் கல்லைப் பயன்படுத்துவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் பயன் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற தெளிவு வேண்டும்.

1920-களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. நிலக்கரிச் சாம்பல் அல்லது மணல், சுண்ணாம்பு, சிமெண்ட் ஆகியவற்றின் கலவையில் சிறிதளவு அலுமினியத் தூளைச் சேர்த்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகிக் கலவை மாவுபோல் உப்புகிறது. அதை வெட்டி, உயரழுத்த நீராவியில் வேகவைத்துக் கல்லாக்குகிறார்கள். அனல் மின்நிலையங்களில் குவியும் சாம்பல் பயன்படுகிறது. செங்கல்லுக்காக வண்டல் மண்ணைத் தோண்டுவது குறைகிறது. கல்லினுள் உள்ள நுண்ணறைகள் வெப்பம் உள்ளே வருவதையும் தடுக்கின்றன.

தலையாய பயன் எடைக் குறைவு. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் கொண்ட சுவரை 23 செ.மீ. கனத்தில் செங்கல்லால் கட்டினால் அதன் எடை ஏறத்தாழ 5 டன். 20 செ.மீ. இலகு கல்லால் கட்டினால், உலர்ந்த நிலையில் ஒன்றரை டன்தான். நிலநடுக்கத்தின்போது கட்டடத்தைத் தாக்கும் விசை அதன் எடையைப் பொறுத்தது என்பதால் இது பாதுகாப்பும் ஆகும். ஆயினும் தூண், உத்திரம், அடித்தளம் ஆகியவற்றை இந்த எடைக்கேற்ப வடிவமைத்தால்தான் கம்பியும் சிமெண்டும் மிச்சமாகும். செங்கல்லுக்கான வரைபடத்தை வைத்துக்கொண்டு கல்லை மட்டும் மாற்றுவோருக்கு அந்தச் சிக்கனம் கிட்டாது.

இதைவிடக் கவலைக்குரியது, "கல் இலேசானதுதானே" என்று பழைய வீட்டின் மேல் மாடி எழுப்பும் துணிவு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழஞ்சுவர்களே அங்கு கூரையைத் தாங்குகின்றன. சுவரின் எடை குறைந்தாலும் புதிய கான்கிரீட் தளத்தின் எடை குறைவதில்லை. பழைய கட்டடங்களின் வலிமையைக் காலத்தில் ஆராயாவிட்டால் என்ன நேரும் என்பதை, 2012 ஆகஸ்டில் இதே நகரின் லான்ஸ்டவுன் கட்டடத்தில் ஒரு பகுதி இடிந்து உயிர்கள் பலியானபோது மைசூர் கண்டது.

பழஞ்சுவரின் பழுதுக்கும் இக்கல் மருந்தன்று. அது நீரை எளிதில் உறிஞ்சும்; அடிமண்ணின் ஈரம் ஏறும் சுவரில் அதைச் செருகுவது பொருந்தாது. அங்கு செங்கல்லும் சுண்ணாம்பும் அறிந்த கொத்தனாரே தேவை.

எனவே, புதிய சட்டகக் கட்டடங்களில் இக்கல்லை ஊக்குவிக்கலாம். பழைய வீட்டின் மேல் தளம் எழுப்ப அனுமதி கோருவோரிடம், கல் எதுவாயினும், அடிச்சுவரின் தாங்குதிறன் ஆய்வைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும். கட்டடப் பொறியியல் வகுப்புகளும் இக்கல்லின் சிறப்புகளோடு அதன் எல்லைகளையும் கற்பிக்கட்டும்.